உள்ளுக்குள்ள உக்காந்து அரிக்கிற அவமானத்துல இருந்து மெல்ல வெளிய வர்றது எப்டி

ஒரு விஷயம் நடந்து எத்தனையோ வருஷம் ஆயிருக்கும், கூட இருந்தவங்களுக்கே அது ஞாபகம் இருக்காது, ஆனா ராத்திரி லைட்ட அணைச்சிட்டு படுத்த உடனே நேத்து நடந்த மாதிரி கண்ணு முன்னாடி வந்து நிக்கும். காது மடல் சுடும், வயிறு ஒரு மாதிரி சுருட்டிக்கும், தலகாணிக்குள்ள மூஞ்சிய புதைச்சுக்கத் தோணும், சில பேர் தன்னையறியாம வாய்விட்டே "ச்சே"ன்னு சொல்லிடுவாங்க. அப்பறம் உள்ள ஒரு குரல் ஆரம்பிக்கும் பாருங்க, நீயெல்லாம் ஒரு ஆளா, உன் லட்சணம் தெரிஞ்சா யாராவது பக்கத்துல வருவாங்களான்னு விடிய விடிய கரிச்சுக் கொட்டும்.

இந்த அவமானத்த வருஷக்கணக்கா தூக்கிட்டு திரியறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன், இத மறக்கறதுக்கு வழி சொல்லப் போறதில்ல. மறக்கணும்னு முண்டுனா இன்னும் ஜாஸ்தியாத்தான் வரும், 1987லயே டேனியல் வெக்னர்ங்கற சைக்காலஜிஸ்ட் "வெள்ளைக் கரடிய மட்டும் நினைக்காதீங்க"ன்னு சொல்லி ஆளுங்கள உக்கார வச்சுப் பாத்தார், கரடிதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. என்னப் பொறுத்தவரைக்கும் விஷயம் ஒண்ணுதான், அவமானம் வந்து அழுத்தற அந்த நேரத்துல நீங்க யார் பக்கம் நிக்கறீங்க? இவ்ளோ நாளா திட்டற குரலோட சேர்ந்துட்டு நீங்களும் உங்கள அடிச்சிட்டு இருந்தீங்க. அடி வாங்கறவங்க பக்கம் ஒரு ஆளு கூட இல்ல. அங்க போய் நிக்கப் பழகணும், அவ்ளோதான், ஆனா இந்த "அவ்ளோதான்"க்கு கொஞ்சம் நாள் எடுக்கும், பரவால்ல.

செஞ்சதையும் உங்களையும் பிரிச்சு வைங்க

"நான் பண்ணது தப்பு"ன்னு வலிக்கறது ஒரு வலி, "நானே தப்பு"ன்னு வலிக்கறது வேற வலி, ரெண்டும் கட்டிப் புடிச்சுட்டே வர்றதால நமக்கு வித்தியாசம் தெரியறதில்ல. ஹெலன் பிளாக் லூயிஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் 1971ல இத தெளிவா பிரிச்சு எழுதினாங்க, குற்ற உணர்ச்சி செஞ்ச காரியத்தப் பாக்குது, அவமானம் மொத்த ஆளையே பாத்து தீர்ப்பு எழுதிடுது. அதுக்கப்பறம் ஜூன் டாங்னி மாதிரி ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா சோதிச்சுப் பாத்தாங்க. எதுக்கெடுத்தாலும் அவமானப்பட்டு கூனிக் குறுகறவங்க ஒண்ணு ஒளிஞ்சுக்கறாங்க, இல்லன்னா கோவப்பட்டு பழிய அடுத்தவங்க மேல தள்ளிடறாங்க, செஞ்ச காரியத்துக்காக மட்டும் வருத்தப்படறவங்கதான் போய் மன்னிப்பு கேக்கறாங்க, உடைச்சத சரி பண்ணப் பாக்கறாங்க. "என்ன நானே திட்டிக்கலன்னா நான் திருந்தவே மாட்டேன்"னு நம்பிட்டு இருக்கறவங்க இந்த வரிய இன்னொரு தடவ படிங்க, ஏன்னா திட்டிக்கறதுதான் நம்மள திருந்த விடாம ஒளிய வைக்குது.

இதுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும், போன்ல டைப் பண்றத விட கையால எழுதறது நல்லதுன்னு நான் நெனக்கறேன், மெதுவா போகும். அந்த எடத்துல ஒரு கேமரா இருந்திருந்தா அதுல என்ன பதிவாயிருக்குமோ அத மட்டும் மொதல்ல எழுதுங்க. ஒருத்தர் நண்பர்கிட்ட கடன் வாங்கிட்டு திருப்பித் தர முடியலன்னு வச்சுப்போம். அவர் மனசுல ஓடறது "நான் ஒரு ஏமாத்துக்காரன், என்ன நம்புனவன் மூஞ்சில கரியப் பூசிட்டேன்". கேமராவுல இருக்கறது என்ன? "போன மாசம் தர்றேன்னு சொன்ன பணத்த தரல. அவன் போன் பண்ணப்ப ரெண்டு தடவ எடுக்கல. அவன் மெசேஜ பாத்துட்டு பதில் போடல." எழுதிட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஏமாத்துக்காரன்ங்கறதுக்கு அடுத்து செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல, அதோட கத முடிஞ்சுது. ரெண்டு தடவ போன எடுக்கலங்கறதுக்கு அடுத்து செய்ய ஒரு வேல இருக்கு, போன் பண்ணி "பணம் இன்னும் ரெடியாகல, அத சொல்ல தைரியம் இல்லாம ஓடிட்டு இருந்தேன், மன்னிச்சுக்கோ, மாசாமாசம் இவ்ளோ தர்றேன்"னு சொல்லலாம். சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கும், குரல் நடுங்கும், பரவால்ல, நடுங்கற குரல்லயே சொல்லலாம்.

இப்டி எழுதும்போது சில பேருக்கு பேப்பர்ல தப்புன்னு எதுவுமே வராது, அத கவனிங்க, இதுதான் முக்கியம். கருப்பா இருக்கேன், குண்டா இருக்கேன், பேசும்போது திக்குது, வீட்ல காசு இல்லாம வளந்தேன், கல்யாணம் முறிஞ்சு போச்சு, மனசு சரியில்லாம மாத்திர சாப்டறேன், இதுல எல்லாம் நீங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணீங்க? யாரோ எப்பவோ முகம் சுளிச்சது, யாரோ சிரிச்சது, அத நீங்க உண்மைன்னு எடுத்து உள்ள வச்சுக்கிட்டீங்க. இங்க சரி பண்றதுக்கோ மன்னிப்பு கேக்கறதுக்கோ ஒண்ணும் கெடையாது. அதே மாதிரி சின்ன வயசுல உங்க உடம்பத் தொட்டு ஒருத்தர் தப்பா நடந்துக்கிட்டாருன்னா, வீட்ல அடிச்சு நொறுக்குனாங்கன்னா, அந்த அவமானம் செஞ்சவங்களோடது, அத நீங்க இத்தன வருஷமா சொமந்துட்டு இருக்கீங்க. ஏன் கத்தல, ஏன் ஓடல, ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு உங்களயே கேட்டு கேட்டு துவண்டு போயிருப்பீங்க. பயத்துல உடம்பு ஒறைஞ்சு போறது உடம்போட வேல, நீங்க யோசிச்சு எடுத்த முடிவு கெடையாது. அப்ப உங்களுக்கு என்ன வயசோ அந்த வயசுல இருக்கற ஒரு புள்ளைய இன்னைக்கு நேர்ல பாருங்க, அது எவ்ளோ சின்னதுன்னு தெரியும்.

அவமானம் மேல வந்து விழற அந்த நிமிஷம்

அந்த நேரத்துல புத்தி சொல்ற எந்த வார்த்தையும் ஏறாது, அதனால உடம்புல இருந்து ஆரம்பிக்கணும். இதுல உங்க பலவீனம்னு ஒண்ணும் இல்ல. சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2004ல 208 ஆய்வுகள ஒண்ணா சேர்த்து வச்சுப் பாத்தாங்க, எந்த மாதிரி சூழ்நிலைல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்டிசால் ரொம்ப ஏறுதுன்னு. நம்ம கையில எதுவும் இல்லாத ஒரு வேலைய அடுத்தவங்க பாத்து எடை போடும்போதுதான் அதிகமா ஏறுச்சு. நாலு பேர் முன்னாடி தலை குனியறத உடம்பு ஆபத்தாவே எடுத்துக்குது, கூட்டத்துல இருந்து ஒதுக்கிட்டா பொழைக்க முடியாதுங்கற பழைய பயம் அதுல இருக்கு. அதனால கழுத்து தொங்குது, தோள் சுருங்குது, கண்ணு கீழ போகுது, வார்த்தை வாய்க்குள்ளயே நின்னுடுது.

அப்ப என்ன பண்ணலாம்னா, ரெண்டு பாதமும் தரையில நல்லா படற மாதிரி வைங்க, தரை சில்லுனு இருக்கா சூடா இருக்கான்னு மட்டும் கவனிங்க. மூச்ச நாலு எண்ற வரைக்கும் உள்ள இழுத்து ஆறு எண்ற வரைக்கும் வெளிய விடுங்க, வெளிய விடறது நீளமா இருக்கணும், அதுதான் உடம்ப தணிய வைக்குது. இப்டி பண்ணா நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும், மூணு நாலு நிமிஷம் பண்ணுங்க. நிறைய பேருக்கு நெஞ்சு மேல கைய வச்சுக்கறது ஒத்து வரும், உள்ளங்கை சூடு பட்டதும் ஒரு மாதிரி அடங்கும். ஆனா தொடுதல்னாலே கசப்பான அனுபவம் இருக்கறவங்களுக்கு இது சரி வராம போகலாம், அவங்க ஒரு கைய இன்னொரு கையால புடிச்சுக்கட்டும், இல்ல சூடா ஒரு டம்ளர புடிச்சுட்டு இருக்கட்டும். கண்ண மூடணும்னு கட்டாயம் இல்ல. கண்ண மூடுனா காட்சி இன்னும் தெளிவா வருதுன்னா தொறந்தே வச்சுட்டு எதுர்ல இருக்கற கதவையோ ஜன்னலையோ பாத்துட்டு பண்ணுங்க.

கொஞ்சம் தணிஞ்சதும்தான் வார்த்த. கிரிஸ்டின் நெஃப்ங்கற ஆராய்ச்சியாளர் 2003ல இந்த சுயகருணைங்கறத மூணு விஷயமா பிரிச்சு சொன்னாங்க, வலிய வலின்னு ஒத்துக்கறது, இது மனுஷங்களுக்கு நடக்கறதுதான்னு தெரிஞ்சுக்கறது, தன்கிட்ட தானே அன்பா நடந்துக்கறது. கேக்க பெரிய விஷயமா இருக்கும், நடைமுறைல மூணு சின்ன வரிதான். "இப்ப எனக்கு ரொம்ப அவமானமா இருக்கு, வலிக்குது." "இந்த மாதிரி எனக்கு மட்டும் இல்ல, இந்த நேரத்துலயே எங்கயோ யாரோ இதே மாதிரி மூஞ்சிய மூடிட்டு படுத்திருப்பாங்க." "இப்ப எனக்கு என்ன வேணும்?" மூணாவது கேள்விக்கு பதில் ரொம்ப சாதாரணமா இருக்கும், தண்ணி குடிக்கணும், அழணும், இந்த எடத்த விட்டு கொஞ்ச நேரம் வெளிய போகணும், யாரோடயாவது பேசணும். அத செய்ங்க.

இந்த வரிகள உங்க வாய்க்கு வர்ற மாதிரி மாத்திக்கோங்க. உங்க மேல உண்மையிலயே பாசமா இருந்த ஒருத்தர் உங்கள எப்டி கூப்டுவாங்களோ, கண்ணு, தங்கம், டேய் தம்பி, பாப்பா, அந்த மாதிரி கூப்ட்டு சொல்லிக்கோங்க. ஆரம்பத்துல செயற்கையா இருக்கும், ஒரு மாதிரி கூச்சமா கூட இருக்கும், அதுக்காக விட்றாதீங்க.

தன்னம்பிக்கை வரிகள கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லுங்கன்னு நிறைய பேர் அட்வைஸ் பண்றாங்க, நான் அத சொல்ல மாட்டேன். ஜோஆன் வுட்டும் அவங்க கூட வேல பாத்தவங்களும் 2009ல சோதிச்சுப் பாத்தாங்க, நான் அன்புக்குத் தகுதியான ஆளுன்னு திரும்பத் திரும்ப சொல்லச் சொன்னப்ப, ஏற்கனவே தன்னப் பத்தி தாழ்வா நெனக்கறவங்களுக்கு அது இன்னும் மோசமாத்தான் இருந்துச்சு. காரணம் புரிஞ்சுக்கறது கஷ்டமில்ல, மனசு நம்பாத ஒண்ண வாய் சொல்லும்போது உள்ள இருந்து "எங்க, நெசமாவா?"ன்னு எதிர்ப்பேச்சு வருது. "எனக்கு வலிக்குது"ங்கற வரிக்கு அப்டி எதிர்ப்பேச்சு வராது, ஏன்னா அது உண்மை.

என்ன சொல்றீங்கங்கறத விட எந்தக் குரல்ல சொல்றீங்க

பால் கில்பர்ட்ங்கற சைக்காலஜிஸ்ட் கவனிச்ச ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அவர்கிட்ட வந்தவங்க அறிவுப்பூர்வமா எல்லாம் சரியா சொல்வாங்க, "ஆமா இது என் தப்பு இல்ல, எனக்குத் தெரியும்"னு, ஆனா மனசு கொஞ்சம் கூட இளகாது. அவர் அவங்க மனசுக்குள்ள அத எப்டி சொல்லிக்கறாங்கன்னு கேட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அந்த ஆறுதல் வார்த்தையையே அதட்டற குரல்லதான் சொல்லிக்கறாங்க. "உன் தப்பு இல்லன்னு எத்தன தடவ சொல்றது, புரியலயா"ங்கற தொனில. அவமானத்துலயும் தன்னையே திட்டிக்கறதுலயும் மாட்டிக்கிட்டவங்களுக்காக அவர் கருணைய மையமா வச்சு ஒரு சிகிச்சை முறையையே உருவாக்குனார்.

அதனால ஒரே வரிய ரெண்டு விதமா சத்தமா சொல்லிப் பாருங்க, வீட்ல யாரும் இல்லாதப்ப. "சரி விடு"ங்கறத சலிச்சுக்கிட்டு ஒரு தடவ சொல்லுங்க, கீழ விழுந்து முட்டிய சிராய்ச்சுட்டு அழற கொழந்தைய தூக்கி வச்சுட்டு சொல்ற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க. ரெண்டாவது தடவ சொல்லும்போது தொண்ட அடைச்சுதுன்னா சரியான எடத்த தொட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

திட்டற குரலையும் கொஞ்சம் கவனிங்க, அது யார் பேசற மாதிரி இருக்கு? நிறைய பேருக்கு அது அப்பாவோட குரலாவோ ஒரு டீச்சரோட குரலாவோ இருக்கும், அதே வார்த்தைகள், அதே இழுவை. அது எதுக்கு பயந்து கத்துதுன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் "நீ சும்மா இருந்தா எல்லாரும் உன்ன விட்டுட்டுப் போயிடுவாங்க"ங்கற பயம்தான் அடியில இருக்கும். அத துரத்த வேணாம், சண்டையும் போட வேணாம், "நீ பயப்படறது புரியுது, ஆனா இப்டி கத்துனா என்னால ஒண்ணும் பண்ண முடியல"ன்னு பதில் சொல்லலாம்.

இப்டி செல்லம் குடுத்தா சோம்பேறி ஆயிடுவோம், செஞ்ச தப்ப பூசி மெழுகற மாதிரி ஆயிடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் வரும். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ரெண்டு பேரும் 2012ல வெளியிட்ட ஆய்வுல மாணவர்களுக்கு வேணும்னே கஷ்டமான ஒரு வார்த்தைத் தேர்வு வச்சாங்க, எல்லாரும் சொதப்புனாங்க. அதுக்கப்பறம் ஒரு குழுவுக்கு மட்டும் "இது கஷ்டமா இருந்துச்சுன்னா நீங்க மட்டும் இல்ல, உங்கள ரொம்ப நொந்துக்காதீங்க"ங்கற மாதிரி சொன்னாங்க. அடுத்த தேர்வுக்கு அவங்கதான் மத்த குழுக்கள விட அதிக நேரம் உக்காந்து படிச்சாங்க. திட்டு வாங்கிட்டு இருக்கறவனோட மொத்த சக்தியும் திட்டு வாங்கறதுக்கே போயிடுது, படிக்கறதுக்கு எங்க மிச்சம் இருக்கும்.

ஒரு வாரம் கடிதம் எழுதுங்க

2010ல லியா ஷபிரா, மிரியம் மோங்ரெய்ன் ரெண்டு பேரும் இத செஞ்சு பாத்தாங்க, ஏழு நாள், தினமும் மனச வருத்தற ஒரு விஷயத்தப் பத்தி தனக்குத்தானே கருணையோட ஒரு சின்ன கடிதம். அந்த ஒரு வாரத்தோட பலன் மூணு மாசம் கழிச்சும் தெரிஞ்சுது, மனச்சோர்வு கொறைஞ்சே இருந்துச்சு, சந்தோஷம் கூடுனது ஆறு மாசம் வரைக்கும் இருந்துச்சு. செலவில்லாத வேலை, பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும்.

எப்டி எழுதறதுன்னு தெரியலன்னா இப்டி இருக்கலாம், வேலை போனத வீட்ல மறைச்சுட்டு இருக்கற ஒருத்தர் எழுதறதா வச்சுக்கோங்க:

"டேய், உனக்கு இந்த மாசம் எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தினமும் காலைல பேக மாட்டிட்டு கெளம்பி லைப்ரரில ஒரு மூலைல உக்காந்துட்டு சாயங்காலம் வந்து இன்னைக்கு வேலை ஜாஸ்தின்னு சொன்ன. பொய் சொன்னது உனக்கே புடிக்கல. ஏன் சொன்னேன்னு புரியுது, அவங்க மூஞ்சி வாடிப் போறதப் பாக்க உன்னால முடியல. வேலை எத்தனையோ பேருக்கு போகுது, அவங்கள்ல ஒருத்தரக் கூட நீ கேவலமா நெனச்சதில்ல. இந்த வாரம் அக்காகிட்ட மட்டும் சொல்லிடு, எல்லார்கிட்டயும் ஒரே நாள்ல வேணாம். என்ன சொன்னாலும் நான் உன் கூட இருக்கேன்."

இதுல புகழ்ச்சி எதுவும் இல்ல பாருங்க, சப்பைக்கட்டும் இல்ல. நடந்தது என்ன, ஏன் அப்டி நடந்துச்சு, இது மத்தவங்களுக்கும் வர்றதுதான், அடுத்து ஒரு சின்ன அடி, அவ்ளோதான் இருக்கு. எழுதிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்துப் படிங்க, எழுதும்போது வராத அழுகை படிக்கும்போது வரலாம். யார் கண்ணுலயாவது பட்டுடும்னு பயமா இருந்தா படிச்சுட்டு கிழிச்சுப் போட்டுடலாம், அதனால பலன் ஒண்ணும் கொறஞ்சு போகாது.

ஆரம்பத்துல இன்னும் மோசமா இருக்கலாம்

இத யாரும் முன்னாடியே சொல்லாததால நிறைய பேர் ரெண்டாவது நாளே விட்டுடறாங்க. வருஷக்கணக்கா அன்பே கெடைக்காத எடத்துல திடீர்னு அன்பு போய் படும்போது பழைய வலியெல்லாம் கெளம்பி மேல வருது, அப்பல்லாம் கெடைக்கலயேங்கற ஏக்கமும் சேர்ந்து வருது. கிரிஸ்டின் நெஃபும் கிறிஸ்டோபர் ஜெர்மர்ங்கற சைக்காலஜிஸ்டும் உருவாக்குன 8 வார சுயகருணை பயிற்சில இதப் பத்தி தனியாவே சொல்லித் தர்றாங்க. இப்டி நடந்தா பயிற்சி உங்களுக்கு ஒத்து வரலன்னு அர்த்தம் இல்ல, அளவு ஜாஸ்தியாயிடுச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு கடிதத்த மூடி வச்சுட்டு பாத்திரம் கழுவுங்க, நடந்துட்டு வாங்க, செடிக்கு தண்ணி ஊத்துங்க. நாளைக்கு பதினஞ்சு நிமிஷத்துக்கு பதிலா மூணு நிமிஷம் போதும். ரொம்பப் பெரிய காயத்துல இருந்து ஆரம்பிக்கவே வேணாம், மீட்டிங்ல தப்பா பேசுனது, யார் பேரையோ மறந்து போனது, இந்த மாதிரி சின்ன அவமானத்துல கைய பழக்குங்க.

அந்த சின்ன அவமானங்களுக்கு ஒரு ஆறுதல் இருக்கு. தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவும் 2000ல வெளியிட்ட ஆய்வுல, போட்டுக்க சங்கடமான ஒரு படம் போட்ட டீ ஷர்ட்ட மாணவர்களுக்கு மாட்டிவிட்டு ஆளுங்க உக்காந்திருந்த ரூமுக்குள்ள அனுப்புனாங்க. போனவங்க, பாதிப் பேர் அத கவனிச்சிருப்பாங்கன்னு நெனச்சாங்க. நெசத்துல கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான் கவனிச்சிருந்தாங்க. எல்லாரும் பாத்துட்டாங்கன்னு நாம புழுங்கிட்டு இருக்கும்போது, அவங்கவங்க தன்ன யார் பாத்தாங்கன்னு புழுங்கிட்டு இருக்காங்க.

ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லுங்க

தனியா செய்யறதுக்கு ஒரு எல்லை இருக்கு. அவமானம் உயிரோட இருக்கறதே ஒளிச்சு வைக்கறதாலதான், "தெரிஞ்சா வெறுத்துடுவாங்க"ங்கற ஒரே நம்பிக்கை மேல அது நிக்குது, ஒருத்தருக்குத் தெரிஞ்சும் அவங்க வெறுக்கலன்னா அதுக்கு நிக்க எடம் இல்லாம போகுது. ஆனா யார்கிட்ட சொல்றதுங்கறதுல அவசரம் வேணாம். அடுத்தவங்க ரகசியத்த உங்ககிட்ட கொட்டறவங்க உங்க ரகசியத்தையும் எங்கயாவது கொட்டுவாங்க. எதுக்கெடுத்தாலும் உடனே தீர்வு சொல்றவங்களும் இதுக்கு சரிப்பட மாட்டாங்க. தன் தப்ப ஒத்துக்கிட்டு நீங்க பாத்திருக்கற ஒருத்தர், நீங்க அழுதப்ப பேச்ச மாத்தாம உக்காந்திருந்த ஒருத்தர், அந்த மாதிரி ஆள தேடுங்க.

சொல்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், எனக்கு சொல்லவே கஷ்டமா இருக்கு, நீ எதுவும் தீர்த்து வைக்க வேணாம், கேட்டா மட்டும் போதும், இப்ப நேரம் இருக்கா?" இப்டி கேட்டா கேக்கறவங்களுக்கும் தன் வேல என்னன்னு தெரிஞ்சுடும். மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து சொல்ல முடியலன்னா சேர்ந்து நடந்துட்டே சொல்லுங்க, பக்கத்துல பக்கத்துல போகும்போது கண்ணப் பாக்க வேண்டியதில்ல. மொத்தக் கதையும் வேணாம், ஒரு ஓரத்த மட்டும் சொல்லிப் பாருங்க, அத எப்டி வாங்கிக்கறாங்கன்னு பாத்துட்டு மிச்சத்த சொல்லலாமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கலாம். அவங்க "இதுக்கு போய் இவ்ளோ யோசிக்கறியா"ன்னு தட்டி விட்டாங்கன்னா வலிக்கும், ரொம்ப வலிக்கும், அப்ப அதோட நிறுத்திக்கோங்க, தப்பு ஆள தேர்ந்தெடுத்தோம், அவ்ளோதான், சொன்னது தப்பு இல்ல.

ஏத்துக்கறதுன்னா

ஏத்துக்கறதுன்னா நடந்தது சரின்னு சொல்றது கெடையாது, உங்களுக்கு கெடுதல் செஞ்சவங்கள மன்னிச்சாகணும்னும் கெடையாது. நடந்துச்சு, நான் அப்டி செஞ்சேன், இல்ல எனக்கு அப்டி செஞ்சாங்க, என் உடம்பு இப்டித்தான் இருக்குன்னு உள்ளத உள்ளபடி பாக்கறது. பாத்துட்டா மறைக்கறதுக்கு செலவான நேரமெல்லாம் மிச்சமாகும், அது சின்ன விஷயம் இல்ல, போட்டோ எடுக்கும்போது ஓடி ஒளிஞ்சது, கல்யாணத்துக்கு போகாம சாக்கு சொன்னது, தெரிஞ்ச பதிலையும் கைய தூக்கி சொல்லாம விட்டது, இதெல்லாம் உங்க வாழ்க்கைல இருந்து போன நாட்கள். அதுல ஒண்ணே ஒண்ண எடுத்து இந்த மாசம் மாத்திப் பாருங்க. போட்டோவுல நில்லுங்க. ஓரமா நின்னாலும் சரி.

எப்ப வெளிய உதவி தேடணும்

அவமானத்தால சாப்பாடு தூக்கம் கெட்டுப் போச்சு, வேலைக்கோ காலேஜுக்கோ போக முடியல, குடியிலயோ வேற எதுலயோ போய் மூழ்கடிச்சுக்கற நிலைமை, உடம்ப காயப்படுத்திக்கறது, சின்ன வயசுல நடந்தது கண்ணு முன்னாடி திரும்பத் திரும்ப ஓடறது, இதுல எது இருந்தாலும் சைக்காலஜிஸ்டயோ மனநல டாக்டரயோ பாருங்க, தனியா போட்டு இழுக்காதீங்க. செத்துடலாம்னு தோணுச்சுன்னா அது இன்னைக்கே ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம், பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க, நீங்க இருக்கற நாட்டோட தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க, இல்ல நேரா ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. தனியா இருக்காதீங்க.

மொத நாள் டாக்டர் முன்னாடி போய் உக்காந்ததும் வாய் வராம போகும், அது தெரிஞ்சேதான் போகணும். அவமானத்துல இருக்கறவங்க நிறைய பேர் தூக்கம் வரல, தலவலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு திரும்பிடுவாங்க, உள்ள இருந்தது உள்ளயே இருக்கும். போறதுக்கு முன்னாடி ஒரு துண்டு சீட்டுல எழுதிட்டுப் போங்க: "எனக்கு சொல்ல வெட்கமா இருக்கற ஒரு விஷயம் இருக்கு. இன்னைக்கு என்னன்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்காகத்தான் வந்திருக்கேன்." வாய் வரலன்னா அந்த சீட்ட அப்டியே நீட்டிடுங்க. மொத நாளைக்கு அது போதும். அத வாங்கிப் படிச்சுட்டு அவங்க அவசரப்படுத்துனா, இல்ல முகம் சுளிச்சா, வேற ஆள மாத்திக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, அதுக்காக யார்கிட்டயும் காரணம் சொல்ல வேண்டியதில்ல.